வல்லை வெளியில் எண்ணப்படாத பறவைகள்

செப்டெம்பர் மாதம் 6 ஆம் திகதி உலகக் கரையோரப் பறவைகள் தினமாகும். 2014 ஆம் ஆண்டு முதல் அனுஷ்டிக்கப்பட்டு வரும் இத்தினத்தை நம்மவர்களில் அறிந்தோர் மிகச் சிலரே. அறியாததில் குற்றம் காண்பதற்கில்லை. நாட்காட்டியில் தினங்களுக்குப் பஞ்சமில்லாத காலம் இது. ஆனால் இத்தினத்துக்கு ஒரு தனித்தன்மை உண்டு. மேடை, மாலை, பிரதம விருந்தினர் உரை எதுவும் இதற்கு வேண்டியதில்லை. அந்நாளை ஒட்டிய வாரத்தில் உலகின் பல பாகங்களிலும் சாதாரண மக்கள் தத்தமது ஊரின் கரைக்குச் செல்கின்றனர். அங்கு நிற்கும் கரையோரப் பறவைகளை இனங்கண்டு, எண்ணி, எழுதி, அந்த எண்ணிக்கையைப் பொதுத் தரவுத் தளம் ஒன்றில் சேர்த்துவிட்டு வீடு திரும்புகின்றனர். கொண்டாட்டம் என்பது அவ்வளவுதான்.

இந்த எளிய காரியத்தைச் செய்வதற்கு எமது குடாநாட்டில் உடுப்பிட்டியைப் போல் வாய்ப்பான ஊர்கள் அதிகமில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறை நோக்கிச் செல்லும் பேருந்து ஆவரங்காலைக் கடந்து வல்லை வெளிக்குள் நுழைந்ததும் வீடுகளும் வேலிகளும் பின்தங்கி, இருபுறமும் தரவையும் நீருமாக விரிந்துவிடுவதை அவ்வழியே பயணித்த எவரும் அறிவர். வல்லைப் பாலத்தின் கீழ் ஓடுவது தொண்டைமானாற்றுக் கடல்நீரேரி. பாலத்தைக் கடந்தால் ஒருபுறம் நெல்லியடி, மறுபுறம் உடுப்பிட்டி. தொண்ணூறுகளின் முற்பகுதியில் எரிபொருள் தடை நிலவிய வேளையில் துவிச்சக்கரவண்டியில் எதிர்காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டு இவ்வெளியைக் கடந்தவர்களுள் நாமும் அடக்கம். மூச்சு வாங்குவதற்காக இறங்கி உருட்டிய வேளைகளில் சேற்றுப் பரப்பிலே புள்ளி புள்ளியாய் ஓடித் திரிந்த சிறு பறவைகளைப் பார்த்திருக்கின்றோம். அவற்றின் பெயரை அன்று நாம் அறிந்திருக்கவில்லை. அறிய வேண்டும் என்ற எண்ணமும் தோன்றவில்லை. தலைக்கு மேலே பறப்பது எது என்ற கவலையே அக்காலத்தில் எல்லோரையும் ஆட்கொண்டிருந்தது.

இன்று வானத்தை அச்சமின்றி அண்ணாந்து பார்க்க முடிகின்றது. ஆயினும் அப்பறவைகளின் பெயரை நாம் அறிந்துகொண்டோமா என்றால், இல்லை என்பதே பதில். இதில் பத்திரிகைகளாகிய எமது பங்கும் உண்டு என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் மாரி தொடங்கும் வேளையில், தொண்டைமானாறு அல்லது செம்மணிப் பக்கம் எடுக்கப்பட்ட அழகிய படம் ஒன்று 'வெளிநாட்டுப் பறவைகள் வருகை' என்ற தலைப்புடன் பத்திரிகைகளில் இடம்பெறும். எந்தப் பறவை, எத்தனை, கடந்த ஆண்டைவிடக் கூடவா குறைவா என்ற தகவல் எதுவும் அதில் இராது. அரிசி விலையையோ டெங்கு நோயாளரையோ எண்ணிக்கை இல்லாமல் செய்தியாக்க எந்தப் பத்திரிகை ஆசிரியரும் உடன்படமாட்டார். பறவை என்றால் மட்டும் படம் போதும் என்று எண்ணிவிடுகின்றோம்.

'வெளிநாட்டுப் பறவை' என்ற சொல்லே ஆராயத்தக்கது. வட துருவத்தை அண்டிய சைபீரியத் தூந்திரப் பகுதியில் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் உள்ளான் இனங்கள் அங்கு தங்குவது கோடையின் இரண்டு, மூன்று மாதங்களே. ஓகஸ்ட் மாத இறுதியில் எமது கரைகளுக்கு வரத் தொடங்கும் அவை ஏப்ரல் வரையில் இங்கேயே உண்டு, உறங்கி, இறகு மாற்றி, மீண்டும் பறப்பதற்கான கொழுப்பைச் சேர்த்துக்கொண்டுதான் புறப்படுகின்றன. ஆண்டில் பெரும் பகுதியை எமது சேற்றில் கழிக்கும் ஒரு பறவையை வெளிநாட்டது என்பது எவ்வகை நியாயம்? பிரசவத்துக்குத் தாய்வீடு சென்று வரும் பெண்ணை அயலூராள் என்று எவரும் சொல்வதில்லை.

அதுமட்டுமன்று; எங்கும் போகாமல் இங்கேயே பிறந்து இங்கேயே மடியும் கரையோரப் பறவைகளும் உள்ளன. ஆளைக் கண்டதும் கத்தி ஊரைக் கூட்டும் ஆட்காட்டியை அறியாதவர் இல்லை. சிவந்த நெடிய கால்களுடன் ஆழமற்ற நீரில் நடக்கும் நெடுங்கால் உள்ளான் இன்னொன்று. இவற்றைவிட முக்கியமான ஒன்று, உள்ளங்கைக்குள் அடங்கிவிடக்கூடிய வெண்மார்புச் சிறு உப்புக்கொத்தி. நீண்ட காலமாக, ஐரோப்பா முதல் ஆசியா வரை பரந்து வாழும் ஓர் இனத்தின் கிளையாகவே இது கருதப்பட்டு வந்தது. இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் வாழும் இவை மரபணுவிலும் உருவிலும் வேறுபட்ட தனி இனம் என்பதைச் சீன ஆய்வாளர்களும் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சேர்ந்து 2023 ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினர். மன்னார்ப் பகுதியில் மேற்கொள்ளப்பட்ட கள ஆய்வு இதற்கு ஆதாரமாயிற்று. இராமர் அணையை நினைவூட்டும் வகையில் 'அனுமான் உப்புக்கொத்தி' என்று அதற்குப் பெயரிட்டனர். கூடு எதுவும் கட்டாமல், வெறும் தரையிலே, உப்புப் பூத்த மண்ணிலே முட்டையிடும் பறவை இது. குப்பை கொட்ட வரும் உழவு இயந்திரத்தின் சில்லும், கட்டாக்காலி நாயின் வாயும் அதன் முட்டைக்கு ஒன்றே. உலகமே திரும்பிப் பார்த்த ஒரு புதிய இனம் எமது தரவைகளில் எத்தனை சோடி வாழ்கின்றது என்று கேட்டால், கணக்குடன் பதில் சொல்வதற்கு இந்தப் பிரதேசத்தில் எவரையும் நாம் இன்னும் பயிற்றவில்லை.

எண்ணுவதால் என்ன பயன் என்று சிலர் கேட்கக்கூடும். உலக அனுபவம் இதற்குத் தெளிவான விடையைத் தருகின்றது. அவுஸ்திரேலியாவிலும் நியூஸிலாந்திலும் தொண்டர்கள் பல தசாப்தங்களாக ஆண்டு தவறாமல் தமது கரைகளில் பறவைகளை எண்ணி வந்தனர். ஆசிரியர், தாதியர், ஓய்வுபெற்றவர் எனப் பலதரப்பட்டவர்கள் அதில் அடங்குவர். எண்ணிக்கை குறைந்துகொண்டே போவதை அவர்களது கொப்பிகள் காட்டின. ஆனால் அவர்களின் கரைகளில் பெரிய கேடு எதுவும் நிகழ்ந்திருக்கவில்லை. காரணத்தைத் தேடிய விஞ்ஞானிகள் சென்று சேர்ந்த இடம் பல்லாயிரம் கிலோமீற்றர் வடக்கே, சீனாவுக்கும் கொரியாவுக்கும் இடையிலுள்ள மஞ்சள் கடல். பறவைகள் வழியில் தங்கி இரை தேடும் அக்கடலின் சேற்றுக் கரைகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அரை நூற்றாண்டுக்குள் மண் நிரப்பி மூடப்பட்டிருந்தது. அக்கரைகளை எந்த அளவுக்குச் சார்ந்திருந்ததோ அந்த அளவுக்கு ஒவ்வோர் இனமும் வீழ்ச்சி கண்டிருந்தது. பின்னர் சீனா கரை நிரப்பும் வணிகத் திட்டங்களுக்குக் கடிவாளமிட்டது. 2019 இல் சீனாவின் மஞ்சள் கடற் கரைகளும் 2021 இல் தென் கொரியாவின் சேற்றுச் சமவெளிகளும் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றன. தொண்டர்களின் பென்சில் குறிப்புகள் இல்லாதிருந்தால் அந்த வாதத்தைத் தொடங்கியிருக்கவே முடியாது.

அயலிலுள்ள இந்தியாவையும் எடுத்துக்கொள்ளலாம். 2023 இல் அங்கு வெளியான இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய அறிக்கை, ஏறத்தாழ 30,000 பறவை ஆர்வலர்கள் பதிந்த 3 கோடிக்கு மேற்பட்ட பதிவுகளை அடிப்படையாகக் கொண்டது. எந்த அரசாங்கமும் சம்பளம் கொடுத்து இவ்வளவு தகவலைத் திரட்டிவிட முடியாது. தமிழகத்தில் 2015 ஆம் ஆண்டு முதல் பொங்கல் விடுமுறை நாட்களில் 'பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு' நடந்து வருகின்றது. பொங்கலுக்குக் கரும்பு வாங்குவதுபோல் பறவை எண்ணுவதையும் ஒரு வழக்கமாக்கிக்கொண்ட குடும்பங்கள் அங்கு உருவாகியுள்ளன. பாக்கு நீரிணைக்கு அப்பால், எமது வடமராட்சிக் கரைக்கு எதிர்த்திசையில் உள்ள கோடியக்கரை இன்னும் முக்கியமானது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் அங்கு நீண்ட காலமாகப் பறவைகளுக்குக் கால் வளையமிட்டு ஆராய்ந்து வருகின்றது. ஒரு காலத்தில் பெருந்திரளாக வந்த கொசு உள்ளானும் வளைந்த அலகுடைய உள்ளானும் அங்கு பெரிதும் குறைந்துவிட்டமையை அக்கழகத்தின் பதிவுகள் காட்டுகின்றன. கோடியக்கரையில் குறைந்தவை எமது பக்கம் வந்துவிட்டனவா, அல்லது முற்றாகவே இல்லாமற் போயினவா? இக்கேள்விக்கு விடை சொல்ல வேண்டிய இடம் வடமராட்சி நீரேரிதான். இக்கரையில் ஒழுங்கான தொடர் எண்ணிக்கை இருந்தால்தான் அக்கரையின் வீழ்ச்சிக்குப் பொருள் புரியும்.

உலகளாவிய நிலைமையும் மகிழ்ச்சிக்குரியதன்று. இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒன்றியம் 2024 ஆம் ஆண்டில் வலசை போகும் கரையோரப் பறவைகளில் 16 இனங்களை முன்னரைவிடக் கூடிய ஆபத்து நிலைக்கு மாற்றியது. சாம்பல் உப்புக்கொத்தி, வளைந்த அலகு உள்ளான், கற்களைப் புரட்டி இரை தேடும் கல்திருப்பி உள்ளான் ஆகிய எமது கரைகளுக்கு வருவனவும் அவற்றுள் உள்ளன. 2025 ஒக்டோபரில் அதே அமைப்பு, மெல்லிய அலகுடைய ஒரு வகைக் கோட்டான் முற்றாக அழிந்துவிட்டதாக அறிவித்தது. சைபீரியாவில் இனம் பெருக்கி மத்தியதரைக் கடற் பக்கம் மாரியைக் கழித்த அப்பறவை ஐயத்துக்கிடமின்றிக் கடைசியாகக் காணப்பட்டது 1995 இல், மொறோக்கோவில். இல்லாமற் போய் முப்பது ஆண்டுகளின் பின்னரே அதன் மரண அறிவித்தல் வெளியாயிற்று.

கோட்டான் என்றதும் எமது வாசகர்கள் ஆந்தையை நினைத்துக்கொள்வார்கள். நீண்டு வளைந்த அலகுடைய கரையோரப் பறவைக்குத் தமிழகப் பறவை நூல்கள் 'குதிரைமலைக் கோட்டான்' என்று பெயர் தருகின்றன. குதிரைமலை என்பது எமது வில்பத்துக் கரையிலுள்ள முனையையே நினைவூட்டுகின்றது. பெயர்கள் இவ்வாறு கடலைத் தாண்டி அலைவது வியப்புக்குரியதன்று. சத்திமுத்தப் புலவர் வலசை நாரையிடம் தம் மனைவிக்குச் செய்தி சொல்லியனுப்பிய மரபு எம்முடையது. நெய்தல் நிலத்தின் புள்ளினங்களைச் சங்கப் புலவர்கள் கூர்ந்து நோக்கியது போல் உலகில் வேறு எந்தப் பழைய இலக்கியமும் நோக்கியதா என்பது சந்தேகமே. அப்படிப்பட்ட மொழியைப் பேசும் பிள்ளைகள் இன்று வல்லைப் பாலத்தில் நின்று, கொக்கு, நாரை, 'வேறு ஏதோ' என்று மூன்று சொற்களோடு நிறுத்திக்கொள்கின்றனர். தொண்டைமானாற்றிலும் மயிலிட்டியிலும் வலை வீசும் முதியவர்கள் இப்பறவைகளை எப்பெயரால் அழைக்கின்றனர் என்பதைக் கேட்டு எழுதிவைப்பதும் இக்கணக்கெடுப்பின் ஓர் அங்கமாக வேண்டும். அதனைச் செய்வதற்குத் தொலைநோக்கி தேவையில்லை; காது போதும்.

எமது நாட்டில் கணக்கெடுப்பே இல்லை என்று கூறுவது தவறாகும். 1967 இல் தொடங்கிய சர்வதேச நீர்ப்பறவைக் கணக்கெடுப்பின் ஆசியப் பகுதி 1987 ஆம் ஆண்டு முதல் ஒவ்வொரு ஜனவரியிலும் நடைபெறுகின்றது. இலங்கையில் அதனை ஒருங்கிணைப்பது 1943 இல் தொடங்கப்பட்ட இலங்கைப் பறவைக் கழகம். கொழும்புப் பல்கலைக்கழகத்தைத் தளமாகக் கொண்ட களப் பறவையியல் குழுவும் 1976 ஆம் ஆண்டு முதல் இத்துறையில் உழைத்து வருகின்றது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விலங்கியல் துறையினரும் குடாநாட்டு ஈரநிலங்களில் ஆய்வுகளைச் செய்துள்ளனர். இவர்களின் உழைப்பை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் முப்பதாண்டு காலப் போர் எமது பகுதியின் பதிவுகளில் பெரும் வெற்றிடத்தை ஏற்படுத்திவிட்டது. புந்தலவுக்கும் ஆனைவிழுந்தானுக்கும் தொடர்ச்சியான கணக்கு உண்டு. எமக்கு ஒரு துண்டும் நடுவில் ஒரு கிழிசலுமே உண்டு. நாகர்கோவிலிலும் முகமாலையிலும் கண்ணிவெடி புதைந்திருந்த நிலத்தில் தொலைநோக்கியுடன் யார்தான் நடந்திருக்க முடியும்?

அந்த வெற்றிடத்தின் விலையை நாம் இன்று செலுத்திக்கொண்டிருக்கின்றோம். ஈரநிலங்களுக்கான ராம்சார் உடன்படிக்கையின் கீழ் 1990 தொடக்கம் 2013 வரை இலங்கையின் ஆறு இடங்கள் சர்வதேச முக்கியத்துவம் பெற்றவையாக ஏற்கப்பட்டன. புந்தல, ஆனைவிழுந்தான், மாதுகங்கை, வங்காலை, குமண, வில்பத்து என்பனவே அவை. யாழ்ப்பாணக் குடாநாட்டின் எந்த நீரேரியும் அவற்றுள் இல்லை. ஓர் ஈரநிலம் 20,000 நீர்ப்பறவைகளை வழமையாகத் தாங்கினாலோ, ஓர் இனத்தொகையில் நூற்றுக்கு ஒரு பங்கைத் தாங்கினாலோ அந்தத் தகுதியைக் கோரலாம் என்பது அவ்வுடன்படிக்கையின் அளவுகோல்களுள் ஒன்று. கோருவதற்கு எண் வேண்டும். அதுவும் ஒரு நாள் எண் அன்று, பல ஆண்டுகளின் எண்.

இவ்விடத்தில் எமது மக்களின் மனத்திலுள்ள ஓர் ஐயத்தைத் தவிர்த்துவிட்டு மேலே செல்ல நாம் விரும்பவில்லை. பறவை, காடு, சரணாலயம் என்ற சொற்கள் வடக்கில் அப்பாவித்தனமான சொற்களாக இல்லை. 1938 இல் சரணாலயமாக்கப்பட்ட சுண்டிக்குளம் 2015 ஜூனில் தேசிய பூங்காவாக உயர்த்தப்பட்டது. நெடுந்தீவும் மடு வீதியும் இராமர் அணையும் அதே ஆண்டில் தேசிய பூங்காக்களாயின. போரினால் இடம்பெயர்ந்து மீண்ட மக்கள், தாம் தலைமுறை தலைமுறையாக மீன்பிடித்த நீரிலும் மாடு மேய்த்த தரவையிலும் எல்லைக் கற்களைக் கண்டனர். வன வளத் திணைக்களம், வனஜீவராசிகள் திணைக்களம், தொல்பொருள் திணைக்களம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வர்த்தமானிகள் வந்தபோது, இது பாதுகாப்பா பறிப்பா என்ற கேள்வி எழுந்தது. அக்கேள்வி நியாயமானது. மக்களைக் கேளாமல் கொழும்பில் வரையப்படும் கோடு, அது பறவைக்காகவே வரையப்பட்டிருந்தாலும், பறவைக்கும் மக்களுக்கும் இடையில் பகையையே வளர்க்கும்.

அதே வேளையில் இன்னொரு பக்கத்தையும் நோக்க வேண்டும். மன்னாரின் விடத்தல்தீவு 2016 இல் இயற்கை ஒதுக்கிடமாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. மீனவருக்கு எல்லை காட்டிய அதே அரச இயந்திரம், 2024 மே மாதத்தில் நீருயிரின வளர்ப்புப் பூங்கா ஒன்றுக்காக அதிலிருந்து 168 ஹெக்டேயரை விடுவித்து வர்த்தமானி வெளியிட்டது. சுற்றாடல் அமைப்புகள் உயர் நீதிமன்றத்தை நாடின. அந்த வர்த்தமானியின் செயற்பாட்டை நீதிமன்றம் இடைநிறுத்தியது. மன்னார்த் தீவின் காற்றாலை விவகாரத்திலும் இவ்வாறே. அதானி நிறுவனத்தின் திட்டத்துக்கு எதிரான வழக்குகளில், மத்திய ஆசிய வலசைப் பாதையில் அத்தீவு வகிக்கும் இடம் ஒரு முக்கிய வாதமாக இருந்தது. கட்டணம் பற்றிய இழுபறியின் பின் 2025 பெப்ரவரியில் அந்நிறுவனம் தானாகவே விலகிக்கொண்டது வேறு கதை. இவ்வழக்குகளில் நீதிமன்றத்தின் முன் வைக்கக்கூடிய ஆதாரம் மன்னாருக்கு இருந்தது. ஏனெனில் அங்கு பறவைகளை எண்ணியவர்கள் இருந்தார்கள். நாளை வடமராட்சி நீரேரிக் கரையில் ஒரு நிறுவனம் வந்து நின்றால், 'இங்கு முக்கியமான பறவைகள் எவையும் இல்லை' என்று அது சமர்ப்பிக்கும் சுற்றாடல் அறிக்கையை மறுப்பதற்கு எம்மிடம் என்ன இருக்கும்? அழகிய படங்கள் இருக்கும்.

ஆகவேதான் எண்ணுவோர் ஊரவராக இருக்க வேண்டும் என்று நாம் வலியுறுத்துகின்றோம். கணக்கு ஊரவர் கையில் இருக்கும்போது அது திணைக்களத்தின் ஆயுதமாக மாறாது. தேவை ஏற்படின் திணைக்களத்துக்கு எதிராகவும் பேசும். மீனவர் வலை வீசும் நீரில் பறவைகள் ஆண்டாண்டாகக் குறையாமல் இருக்கின்றன என்பதை எண்களால் காட்ட முடிந்தால், மீனவரை வெளியேற்றித்தான் பறவையைக் காக்க வேண்டும் என்ற வாதம் அங்கேயே விழுந்துவிடும். மாறாகக் குறைகின்றன என்றால், ஏன் என்பதை முதலில் அறியும் உரிமையும் அவ்வூரவருக்கே உரியது.

உடுப்பிட்டியைப் பொறுத்தவரை இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. எமது பார்வையில் அதுவே மிகப் பெரியது. அது தண்ணீர். எமது குடாநாட்டுக்கு ஆறு இல்லை. சுண்ணாம்புக் கல்லுக்குள் தேங்கும் மழைநீரே எமது கிணறுகளின் உயிர். நீரேரியை அண்டிய ஊர்களில் அக்கிணறுகள் உவராகி வருவது எவரும் மறுக்க முடியாத துயரம். இதற்குப் பரிகாரமாகவே கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் பொறியியலாளர் எஸ். ஆறுமுகம், ஆனையிறவு நீரேரியின் நன்னீரை முள்ளியான் வாய்க்கால் வழியாக வடமராட்சி நீரேரிக்குக் கொண்டு வந்து, தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் கதவணைகளால் கடலைத் தடுத்து, நீரேரிகளை நன்னீர்த் தேக்கங்களாக்கும் திட்டத்தை முன்வைத்தார். அணைகள் கட்டப்பட்டன, திட்டம் முழுமையாக நிறைவேறவில்லை. ஆயினும் அந்தக் கனவு உயிருடன் இருக்கின்றது. தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2024 ஓகஸ்டில் திறக்கப்பட்ட பின்னரும், நீரேரியை நன்னீராக்க வேண்டும் என்ற கோரிக்கை ஓயவில்லை. ஓயவும் கூடாது. உவர்க் கிணற்றடியில் நிற்கும் விவசாயியிடம் உள்ளானைப் பற்றி உபதேசம் செய்வதற்கு எமக்கு மனமில்லை.

ஆனால் நீர்மட்டம் பற்றிய ஓர் உண்மையை இரு தரப்பினரும் அறிந்திருக்க வேண்டும். உலகின் பல கரைகளில் கடல் வற்றும்போது சேறு வெளிப்பட்டுப் பறவைகளுக்கு இரை கிடைக்கின்றது. எமது கடலில் ஏற்ற இறக்கம் ஒரு மீற்றரைக்கூட எட்டுவதில்லை. எமது நீரேரிகளில் சேற்றை வெளிப்படுத்துவது வற்றுக்கடல் அன்று, கோடை. மாரியில் நிரம்பும் நீரேரி மாசியின் பின் சிறுகச் சிறுகப் பின்வாங்க, புதிது புதிதாக வெளிப்படும் ஈரச் சேற்றில் புழுவும் சிறு நத்தையும் பறவைக்கு எட்டும் ஆழத்தில் கிடைக்கின்றன. குட்டை அலகுள்ளது மேற்பரப்பில் கொத்தும். நீண்ட அலகுள்ளது ஆழத்தில் துழாவும். ஒரே சேற்றில் ஐந்தாறு இனங்கள் சண்டையின்றிப் பசியாறும். ஆண்டு முழுவதும் நீர்மட்டத்தை உயர்த்தி வைத்தால் இந்தச் சேறு நீரின் அடியிலேயே கிடக்கும். கால் நீளமான நாரைக்கும் நீந்தும் தாராவுக்கும் அது வாய்ப்பாகலாம். சிறு உள்ளானுக்கு அங்கு இடமில்லை. முற்றாக வற்றி உப்புப் பூத்துவிட்டாலும் இரை இல்லை. கரணவாயின் உப்பை ஏற்றுவதற்காகவே தொண்டைமான் இந்த ஆற்றை வெட்டுவித்தான் என்பது ஐதீகம். உப்புக்கும் நன்னீருக்கும் இடையிலான இழுபறி இவ்விடத்தில் புதியதன்று. கதவுகளை எந்த மாதத்தில் திறப்பது, எந்த மட்டத்தில் நீரை நிறுத்துவது என்ற தீர்மானத்தால் மனிதருக்கும் நீர் கிடைத்து, நீரேரியின் ஆழமற்ற ஓரங்களில் சேறும் மிஞ்சும்படி செய்ய வழியுண்டா? உண்டென்றே நாம் எண்ணுகின்றோம். அதனைப் பொறியியலாளர் கணிப்பதற்கு எந்த மட்டத்தில் எத்தனை பறவைகள் நிற்கின்றன என்ற கணக்கு அவரது மேசையில் இருக்க வேண்டும். திட்டம் முடிந்த பின் எண்ணத் தொடங்கினால், முன்னர் இருந்தது என்ன என்பதை எவராலும் சொல்ல முடியாது.

நல்லெண்ணமும் தீங்கு செய்யலாம் என்பதற்கு இன்னோர் உதாரணம் கண்டல் நடுகை. ஈரநிலத்தைக் காப்பது என்றால் கண்டல் நடுவது என்று ஆழிப்பேரலைக்குப் பின் ஒரு வழக்கம் வேரூன்றிவிட்டது. இலங்கையில் இவ்வாறு நடப்பட்ட 1,000 ஹெக்டேயருக்கு மேற்பட்ட பரப்பில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே தேறியது என்று 2017 இல் வெளியான ஆய்வு ஒன்று கூறுகின்றது. பல இடங்களில் கண்டல் இயல்பாக வளராத நிலத்தில் அது திணிக்கப்பட்டமையே தோல்விக்குக் காரணம். வெறுமையாகத் தோன்றும் சேற்றுத் திடல் வெறுமையன்று. அது ஒரு சோற்றுத் தட்டு. அதன்மீது மரம் நடுவது, மரம் வாழ்ந்தாலும் செத்தாலும், உள்ளானின் தட்டைப் பறிப்பதாகும். உலகச் சுற்றாடல் தினத்தன்று கன்றும் கையுமாகப் படமெடுத்துக்கொள்ள வரும் பிரமுகர்கள் இதனைக் கவனத்திற் கொள்வார்களாக.

நடைமுறைக்கு வருவோம். தொண்டைமானாறு என்றதும் எமது பிள்ளைகளுக்கு நினைவு வருவது வெளிக்கள நிலையத்தின் பரீட்சை வினாத்தாள்கள்தாம். அந்த நிலையத்தின் பெயரில் உள்ள 'வெளிக்களம்' என்ற சொல்லைச் சற்று நின்று படிக்க வேண்டும். வகுப்பறைக்கு வெளியே, இயற்கையையே ஆய்வுகூடமாகக் கொண்டு கற்க வேண்டும் என்று கருதிய விஞ்ஞான ஆசிரியர்களின் எண்ணத்தில் பிறந்த சொல் அது. காலமும் போரும் போட்டிப் பரீட்சையும் சேர்ந்து களத்தைத் தாளாக்கிவிட்டன. உடுப்பிட்டி அமெரிக்க மிஷன் கல்லூரியிலும் உடுப்பிட்டி மகளிர் கல்லூரியிலும் உயிரியல் பயிலும் மாணவர்களுக்கு அந்தக் களம் நடந்து செல்லும் தொலைவில் இருக்கின்றது. ஒரு பாடசாலைக்கு இரண்டு தொலைநோக்கிகள், ஒரு பறவைக் கையேடு, ஒரு கொப்பி. இவற்றைப் பெற்றுக் கொடுப்பது பழைய மாணவர் சங்கங்களுக்குப் பெரிய காரியமன்று. இலண்டனிலும் ரொறொன்ரோவிலும் ஆண்டு விழா மண்டபத்துக்குச் செலவாகும் பணத்தில் ஒரு மேசையின் விலைகூட வராது.

எண்ணும் முறையும் கடினமானதன்று. ஆனால் ஒழுங்கு வேண்டும். ஒரே இடத்தில், ஒரே வேளையில், ஒரே கால அளவுக்கு, ஆண்டுதோறும் எண்ண வேண்டும். பெருங்கூட்டத்தைப் பத்துப் பத்தாகக் கண்ணால் வகுத்து எண்ணப் பழக வேண்டும். இனம் தெரியாததை ஊகித்து எழுதாமல் 'சிறிய உள்ளான், இனம் தெரியாது, 140' என்று எழுதுவதே நேர்மை. படம் எடுப்பதற்காகக் கூட்டத்தைக் கிளப்புவது கூடாது. அலாஸ்காவிலிருந்து தஸ்மேனியா வரை 13,560 கிலோமீற்றர் தூரத்தை, இறங்காமல், 11 நாட்களில் ஓர் இளம் மூக்கன் பறவை 2022 இல் பறந்து கடந்தது உலகச் செய்தியாயிற்று. எமது கரைக்கு வருவனவும் அவ்வாறு உடலின் கொழுப்பை எரித்து வந்து சேர்ந்தவையே. ஒவ்வொரு முறையும் விரட்டப்பட்டுப் பறக்கும்போது அந்தச் சேமிப்பு கரைகின்றது. எல்லாவற்றையும்விட முக்கியமானது, ஒன்றுமே இல்லாத நாளில் பூச்சியம் என்று எழுதும் பொறுமை. பறவை இல்லாத நாளை எழுதாமல் விடுபவர்களின் கொப்பியில் பறவை எப்போதும் குறையாமலே இருக்கும். எழுதியதை ஜனவரிக் கணக்கெடுப்பின் ஒருங்கிணைப்பாளர்களுக்கும் 'ஈ-பேர்ட்' போன்ற பொதுத் தளத்துக்கும் அனுப்புவதோடு, ஒரு பிரதியைப் பாடசாலை நூலகத்தில் வைக்க வேண்டும். எமது ஆவணங்கள் எரிந்தும் இடம்பெயர்ந்தும் அழிந்த வரலாறு எமக்குத் தெரியும்.

உள்ளூராட்சி மன்றங்களுக்கும் இதில் கடமை உண்டு. நீரேரியின் ஒரு கரை வடமராட்சிக்கும் மறு கரை வலிகாமத்துக்கும் உரியது. இரண்டு நிருவாகங்களின் எல்லையில் கிடக்கும் நிலம் இரண்டுக்கும் உரியதாக இருப்பதற்குப் பதிலாகக் குப்பைக்கு உரியதாகிவிடுகின்றது. வல்லை வெளியில் இறைச்சிக் கழிவும் கட்டட இடிபாடும் இரவோடிரவாகக் கொட்டப்படுவது குறித்துப் பத்திரிகைகள் எழுதாத ஆண்டில்லை. கழிவு இருக்கும் இடத்தில் நாய் பெருகும். நாய் பெருகும் இடத்தில் தரையில் முட்டையிடும் பறவைக்கு வாழ்வில்லை. 1937 ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் பறவையை வேட்டையாடுபவரைத் தண்டிக்கின்றது. கழிவைக் கொட்டுபவரைத் தடுக்கும் அதிகாரம் பிரதேச சபையிடம்தான் இருக்கின்றது.

செப்டெம்பர் முதல் வாரத்தில் நீரேரி மிகவும் வற்றியிருக்கும். காலபோக விதைப்புக்கு வயல்கள் ஆயத்தமாகும் வேளை அது; முதலில் வந்திறங்கும் உள்ளான் கூட்டங்கள் அப்போது பாலத்தின் கிழக்கே வெளிப்படும் சேற்றில் நிற்கும். காலை ஆறு மணிக்கும் எட்டு மணிக்கும் இடையில் சூரியனை முதுகுப்புறம் வைத்து மேற்குப் பக்கம் பார்த்து எண்ணத் தொடங்குவதே வசதி. காற்று எழுந்துவிட்டால் தொலைநோக்கி கையில் நில்லாது. ஜனவரியில் நீர் உயர்ந்திருக்கும். அப்போது தைப்பொங்கல் விடுமுறையில் ஒரு காலைப் பொழுதை இதற்கென ஒதுக்கலாம். முதல் ஆண்டின் கணக்கைத் தயாரிக்கும் பாடசாலை எதுவாயினும் அதனை எமக்கு அனுப்பி வைக்கட்டும். பெயர், எண், இடம், திகதி ஆகிய நான்குடனும் இப்பக்கத்தில் அதனை வெளியிடுவோம். படம் இருந்தால் அதன் பின்னர்.